நல்லது கெட்டதுக்குப் போக வழி வேண்டும்

போன மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷமே ஆன ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சிருக்கோம். எங்க அப்பா ஒரு கட்சி, மாமா வேற கட்சி. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசினதே எலெக்‌ஷன் சண்டைதான். ஒரே பந்தியில எப்படி உக்கார வைக்க?” கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது, சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பல பேர் இருப்பார்கள்.

நான் தையல்காரி. குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம், வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கத் தொடங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டு வீட்டுக்காரருக்கு 2022 முதல் டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள். இறையியல் படித்தவள் இல்லை. நான் செய்து பார்த்தது, செய்து கெடுத்தது, கெடுத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கிறிஸ்தவம், ஒரு கிளை இந்து என்பது சாதாரணம். மிஷனெரி ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கிய கதை அது. என் தாத்தாவின் தகப்பனார் வேதத்துக்கு வந்தார், அதாவது கிறிஸ்தவரானார், அவருடைய அண்ணன் வரவில்லை. இரண்டு வீடும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அரசியலும் அப்படித்தான். நாகர்கோவில் என்ற பெயரில் இருந்தபோது 1999-ல் பா.ஜ.க. ஜெயித்த மக்களவைத் தொகுதி இது. கன்னியாகுமரி என்று பெயர் மாறிய பிறகு 2014-லும் பா.ஜ.க., 2019-லும் 2024-லும் காங்கிரஸ். ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் உட்கார்ந்தால் நான்கு சின்னம் வரும்.

1982 மார்ச்சில் எனக்குப் பதின்மூன்று வயது. மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நேரம் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, சுற்று வட்டாரம் முழுக்கப் பயம். எங்கள் வீட்டுக்கும் வேதத்துக்கு வராத அந்தப் பெரியவர் வழி வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலி. அதில் ஆள் ஒருச்சாய்த்து நுழையும் அளவுக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் சித்தப்பா கருக்கு மட்டையும் முள்ளும் கொண்டுவந்து அதை அடைக்கப் போனார். பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். “இதை அடைச்சிட்டு, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு எந்த வழியாட்டு போவ?” என்று கேட்டாள். சித்தப்பா, “இப்போ போய் நல்லது கெட்டதா?” என்றார். “இப்போதான் கெட்டது” என்று பாட்டி மட்டையை இழுத்து அந்தப் பக்கம் போட்டாள். கையில் முள் குத்தி ரத்தம் வந்தது. சேலை முந்தியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

அரசியலோ, சபைச் சண்டையோ, சொத்தோ, எதுவாக இருந்தாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி அதுதான். இதைச் சொன்ன பிறகு, நாளைக்கு அவர் வீட்டில் ஒரு சாவு என்றால் என் கால் அந்தப் படி ஏறுமா? என் வீட்டில் ஒன்று என்றால் அவர் வர முடியுமா? முடியும் என்றால், எவ்வளவு கடுமையான கருத்தாக இருந்தாலும் சொல்லலாம். முடியாது என்றால் கருத்து சரியாகவே இருந்தாலும் சொல்லும் விதத்தை மாற்ற வேண்டும். பிறனை நேசி என்று ஆண்டவர் சொன்னதை எங்கள் ஊர் அளவுக்கு வெட்டித் தைத்தால் எனக்கு இந்தக் கேள்விதான் கிடைக்கிறது.

போனில் வருவதை என்ன செய்வது

2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு. அதற்கு நான்கு நாள் முன்னால் எனக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு ஆலயத்தை உடைப்பது போல இருந்தது, ‘நம்ம மாவட்டத்தில் இன்று’ என்று கீழே போட்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, எனக்குத் தூக்கமும் இல்லை. யோசிக்காமல் எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். அந்த வீட்டு அண்ணன், முறைக்கு எனக்குப் பெரியப்பா மகன், “இது எந்த ஊர்னு பாத்தியா மக்கா?” என்று மட்டும் கேட்டார். நான் எல்லோரும் பார்க்க, “உங்க ஆளுங்க செய்ததை நீங்க எப்படி ஒத்துக்குவீங்க” என்று எழுதினேன். ‘உங்க ஆளுங்க.’ அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர் அவர்.

வீடியோ நம் மாவட்டமே இல்லை, பழையதும்கூட. இரண்டு நாள் கழித்து என் மகன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

இப்போது நான் செய்வது இது. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வாட்ஸ்அப் காட்டினால், அது எனக்கு அனுப்பியவர் எழுதியது இல்லை, பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைத் தொடுவதில்லை. மற்றதில், பார்த்த உடனே நெஞ்சு படபடத்தால் ஒரு ராத்திரி வைக்கிறேன். காலையில் மூன்று கேள்வி: எந்த ஊர், எந்த நாள், யார் நேரில் பார்த்தது? பதில் இல்லை என்றால் அழிக்கிறேன். அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாதே என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. சொல்லாதே என்பதற்கும் முன்னால், ஏற்றுக்கொள்ளாதே. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய்யைத்தான் இதில் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதைச் சோதிக்க நமக்கு மனசே வராது.

இன்னொன்று. களைப்பாக இருக்கும் ராத்திரியில் போனைக் கையில் எடுக்காதீர்கள். என் தப்புகளில் முக்கால்வாசி பதினொரு மணிக்கு மேல் நடந்தவை. சொந்தக் கஷ்டத்தின் கோபத்தை அரசியல் கோபமாக மாற்றி அடுத்தவர் மேல் இறக்கி வைக்கிறோம். அன்றைக்கு எனக்கு அண்ணன் மேல் கோபமே இல்லை. வீட்டுக்காரரின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் மேல்தான் கோபம்.

தப்பைப் பிரிப்பது

தப்பாகத் தைத்த ஜாக்கெட்டை இழுத்துப் பிரித்தால் துணி கிழிந்துவிடும். ஒவ்வொரு தையலாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். நேரம் எடுக்கும், கண் வலிக்கும். மன்னிப்பு கேட்பதும் அப்படித்தான் எனக்கு இருந்தது.

முதலில், தப்பு நடந்த இடத்திலேயே திருத்த வேண்டும். எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்பு கேட்டால் அது பாதிதான். ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் போதாது. அதற்கு வாட்ஸ்அப் இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நேரம் தரும், பார்த்தவர்கள் அதற்குள் பார்த்திருப்பார்கள். நான் அதே குரூப்பில் எழுதினேன்: “15-ம் தேதி நான் போட்ட வீடியோ பொய். சரிபார்க்காமல் போட்டேன். அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நான் பதில் சொன்ன விதம் தப்பு. யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.” இதில் ‘ஆனால்’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் எழுதியதில் இருந்தது, “ஆனால் இப்படி நடக்கத்தானே செய்கிறது” என்று. மகன் அதை அடிக்கச் சொன்னான்.

அப்புறம் நேரில் போக வேண்டும். எங்கள் ஊர் வழக்கத்தில் வெறுங்கையோடு போகக் கூடாது, அதே நேரம் சமாதானத்துக்கு லஞ்சம் போல எதையும் தூக்கிக்கொண்டும் போகக் கூடாது. தோட்டத்தில் வெட்டிய மரச்சீனிக் கிழங்கு இரண்டு மூடு கொண்டுபோனேன். அண்ணனின் மனைவி, என் மைனிதான் கதவைத் திறந்தாள், “வா” என்று சொல்லவில்லை. உள்ளே அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், இரண்டுதான் வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு நேத்து எத்தனை கிலோ எடுத்தாங்க?” என்று கேட்டார். டயாலிசிஸில் உடம்பிலிருந்து எடுக்கும் நீரைத்தான் கேட்டார். சண்டை நடந்த அத்தனை நாளும் அவர் அதை யாரிடமோ விசாரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேரில் போகும்போது அரசியலைத் திரும்பப் பேசி முடிவுகட்டப் பார்க்காதீர்கள். அண்ணனின் கட்சி மாறவில்லை, என் ஓட்டும் மாறவில்லை. அதற்காகப் போகவும் இல்லை.

ஒரு பிடி அரிசி, ஒரு பேர்

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடி தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்து ஆலயத்துக்குக் கொடுப்பது. இப்போது பணமாகக் கொடுப்பவர்கள்தான் அதிகம். நான் இன்னும் அரிசிதான்.

அந்தச் சண்டைக்குப் பிறகு, பிடி எடுக்கும்போது ஒரு பேரைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பிடிக்காதவர், என்னைக் காயப்படுத்தியவர், நான் காயப்படுத்தியவர், டிவியில் பார்த்தாலே எரிச்சல் வரும் தலைவர், யாராவது ஒருவர். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். ‘ஆண்டவரே, அவரைத் திருத்தும்’ என்று ஜெபிக்கக் கூடாது. அது ஜெபம் மாதிரி இருக்கும், உள்ளே குத்தல்தான். அவருக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். மகளுக்கு வேலை, கால் வீக்கம் குறைய, கிணற்றில் தண்ணீர். இதைக் கேட்க வேண்டுமென்றால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிய வேண்டுமென்றால் விசாரிக்க வேண்டும். ஒரு தலைவருக்காக ஜெபிக்கும்போதும் அப்படித்தான். அவருக்கும் வயசான அம்மா இருக்கலாம், அவருக்கும் தூக்கம் வராமல் இருக்கலாம்.

முதல் வாரம் அண்ணன் பேர் வாயில் வரவில்லை. ‘அந்த வீடு’ என்றுதான் சொன்னேன். அது போதும். வராததைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பிடியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

டயாலிசிஸ் அறையில் கற்றுக்கொண்டது

செவ்வாய், வியாழன், சனி. நான்கு மணிக்கு எழுந்து, கஞ்சி வைத்து, அஞ்சரை பஸ் பிடித்து நாகர்கோவில். எடை பார்ப்பார்கள், பிபி பார்ப்பார்கள், கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் மெஷின் ஓடும். அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், அதில் குழம்பும் ரசமும் அடக்கம். இளநீர் கூடாது, நேந்திரம்பழம் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். தென்னைக்கும் வாழைக்கும் நடுவே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய விலக்கு என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்துக் கட்டில்காரர் ஒரு கட்சியின் தீவிரத் தொண்டர். டயாலிசிஸுக்குக்கூடக் கரை வேட்டி கட்டித்தான் வருவார். சுவரில் டிவி, டிவியில் விவாதம். ஆரம்பத்தில் அவருக்கும் எங்கள் வீட்டுக்காரருக்கும் தினமும் வாக்குவாதம். ஒருநாள் இருவருக்கும் பிபி ஏறி, டெக்னீஷியன் தம்பி வந்து டிவியை அணைத்துவிட்டுப் போனான். வெளியே பெஞ்சில் நானும் அவர் மனைவியும். முதல் நாள் அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அப்புறம் பசி பேச வைத்தது. காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும் என்று எனக்குச் செய்து காட்டியது அந்த அக்காதான். டாக்டரும் சொல்லியிருந்தார், எனக்குத்தான் புரியவில்லை. அவர்கள் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிய மரச்சீனியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, “இந்த அளவு, இதுக்கு மேல பெருசா வெட்டாதீங்க” என்று என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள்.

ஆஸ்பத்திரி கவுன்டரில் காப்பீட்டு அட்டையை நீட்டும்போது நான் ஒன்று நினைப்பேன். 2009-ல் தி.மு.க. ஆட்சியில் கலைஞர் பெயரில் வந்த காப்பீடு. 2012-ல் அ.தி.மு.க. ஆட்சியில் முதலமைச்சர் பெயரில் விரிவான திட்டமாக மாறியது. 2018-ல் பா.ஜ.க. மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் இதோடு சேர்ந்தது. 2021-க்குப் பிறகும் தொடர்கிறது. என் வீட்டுக்காரர் ரத்தம் சுத்தமாவதற்கு ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் இத்தனை கட்சியும் கை வைத்திருக்கிறது. ஆளுகிறவர்களுக்காக ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை வருஷக்கணக்காக வாசித்தும் எனக்கு ஒட்டவில்லை. அந்த கவுன்டரில்தான் ஒட்டியது.

இனி, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு நேராகச் சில விஷயங்கள்.

ஜெபிக்க முடியாத நாள் வரும். எனக்கு மாதக்கணக்கில் வந்தது. அப்போது 88-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். சங்கீதங்களில் பெரும்பாலும் அழுகை கடைசியில் துதியாக மாறும். இதில் மாறாது, ஆறுதல் இல்லாமலே முடிகிறது. முதல் வரியில் கர்த்தாவே என்று கூப்பிடுகிறது, அவ்வளவுதான் வெளிச்சம். அப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்றால், நம்முடைய இருட்டோடும் ஆண்டவர் முன்னால் போய் நிற்கலாம்.

“விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்துங்கள், சுகம் வரும்” என்று ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் தடுமாறினார். நான் வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, ஜெபிக்கச் சொல்லி, வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். மெஷினை நிறுத்தவில்லை. இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்ய மாட்டேன். மருந்தையும் சிகிச்சையையும் நிறுத்தச் சொல்லும் எந்த வார்த்தையையும் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி தூக்கமே இல்லை, சாகலாம் போல் இருக்கிறது என்றால் அதற்கும் டாக்டரிடம் போங்கள். நான் போனேன். என் விசுவாசம் அதனால் குறையவில்லை.

பார்க்க வருகிறவர்களே, டயாலிசிஸ்காரர் வீட்டுக்குப் பழமும் இளநீரும் கொண்டு போகாதீர்கள். என்ன சாப்பிடலாம் என்று முதலில் கேளுங்கள். அதைவிட, “வியாழக்கிழமை நான் கூட இருக்கேன், நீ வீட்டுல தூங்கு” என்று சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அண்ணன்.

அப்படியென்றால் வாயை மூடிக்கொள்வதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமாதானம் என்ற பேரில் பல பேர் அநியாயத்தைப் பார்த்துச் சும்மா இருக்கிறார்கள்.

நான் தைக்கும் ஜாக்கெட்டை சாதியின் பேரால் எங்கள் பூட்டிகள் போட முடியாத காலம் இருந்தது. மிஷனெரி அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த குப்பாயத்தை, அதாவது தைத்த மேல்சட்டையைப் போட்டதற்காகச் சந்தையில் வைத்து அது கிழிக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டு நடந்து, 1859-ல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிய, அன்றைக்கு எங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு அனுமதித்தது. அன்றைக்குக் கிறிஸ்தவர்கள் ‘அரசியல் நமக்கெதற்கு’ என்று இருந்திருந்தால் நான் எதைத் தைத்துக்கொண்டிருப்பேன்? அதே போராட்டத்தில் வேதத்துக்கு வராத பெண்களும் நின்றார்கள் என்பதையும் என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஆகவே ஓட்டுப் போடுங்கள், மனு எழுதுங்கள், கூட்டத்துக்குப் போங்கள், கட்சியில் சேருங்கள். உங்கள் கட்சி தப்புச் செய்யும்போது அதையும் அதே சத்தத்தோடு சொல்லுங்கள். விஷயத்தைப் பேசுங்கள், ஆளை அவன் சாதியையும் மதத்தையும் வைத்துப் பேசாதீர்கள். ‘உங்க ஆளுங்க’ என்ற சொல்லை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுத்துவிட்டோம். பிள்ளைகள் சொன்னால், “யாரு? பேரைச் சொல்லு” என்று கேட்போம். பேர் சொல்ல வரும்போது பாதிப் பேச்சு நின்றுவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டேன். பன்னிரண்டு சீஷர்களில் மத்தேயு ரோமர் ஆதிக்கத்தின் கீழே வரி வசூலித்தவன். செலோத்தே என்னப்பட்ட சீமோனோ, பேரிலேயே ரோமரை எதிர்க்கிறவர்களின் அடையாளத்தை வைத்திருந்தவன் என்பார்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய அந்தக் கடைசி ராப்போஜனத்தில் இவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்? ஒருவன் இந்தக் கோடி, ஒருவன் அந்தக் கோடி என்றார்கள் பெரும்பாலும். ஒரு பெண் பிள்ளை மட்டும், “ரெண்டு பேருக்கும் கால் கழுவினது ஒரே தண்ணியா டீச்சர்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சபைக்குள் நடக்கும் தேர்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மனசு வலிக்கும் விஷயம். நாட்டுத் தேர்தல் பிரித்ததைவிட சபைக் கமிட்டித் தேர்தல் அதிகம் பிரித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைக்குலைக்காக, எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு சகோதரர்கள் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன். சபைக்குப் பணம் வந்தது. குலையை எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை, ஆலய வராந்தாவிலேயே பழுத்தது.

நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், யாருக்காவது என் மேல் குறை இருக்கிறதா என்று யோசித்து ஒரு போன். காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்ன வரிசை அது. எனக்கு அவர் மேல் குறை இருக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை, அவருக்கு என் மேல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இன்னும் கஷ்டம். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் ஆலயத்துக்கு வந்தால் வரட்டும், பெஞ்சில் உட்காரட்டும். மைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, எந்தக் கட்சியாக இருந்தாலும்.

கதவு திறக்காவிட்டால்

என் கொழுந்தனார் ஒருவர் எங்களோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு அரசியலும் காரணம், ஒரு துண்டு நிலமும் காரணம். மூன்று தடவை போனேன், போனும் பண்ணினேன், பதில் இல்லை. “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று ரோமர் 12-ல் எழுதியிருக்கிறது. கூடுமானால் என்ற அந்தச் சொல்லுக்காகப் பவுலுக்கு நான் நன்றி சொல்கிறேன். அதற்காகத் தினமும் போய்த் தட்ட வேண்டியதில்லை. வீட்டில் விசேஷம் என்றால் முதல் பத்திரிகை அவருக்கு, நேரில் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வருவேன்.

அதே சமயம், ஒருவர் உங்களை மிரட்டுகிறார், அடிக்கிறார், இன்னொரு கூட்டத்தை அடிக்கச் சொல்லி குரூப்பில் எழுதுகிறார் என்றால் அங்கே உட்கார்ந்து பொறுக்க வேண்டியதில்லை. வெளியே வாருங்கள், தேவைப்பட்டால் போலீஸில் சொல்லுங்கள்.

இனி, நீ கேட்டதற்கு

தங்கச்சி, ஞானஸ்நானப் பந்திக்கு வருகிறேன். உன் அப்பாவையும் மாமாவையும் எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்காதே, முதல் பந்தியில் உட்கார வைக்கவே செய்யாதே. இரண்டு பேரையும் விளம்ப விடு, பரிமாறட்டும். சோற்று வாளியை உன் அப்பா கையில் கொடு, பருப்பு வாளியை உன் மாமா கையில் கொடு. சோறு போட்டவர் நகர்ந்தால்தான் பருப்பு வர முடியும், பருப்பு வராவிட்டால் இலைக்காரர் சோற்றில் கை வைக்க முடியாது. இவர் முந்திப் போனால் அவர் கூப்பிட வேண்டும், அவர் தாமதித்தால் இவர் நிற்க வேண்டும். “ஏ, இங்க பருப்பு” என்று உன் அப்பா கத்துவார், பார். ஒரு பந்திக்கு எத்தனை இலை வரும் என்று சமையல்காரரிடம் கேட்டு வைத்துக்கொள். எண்பதுக்கு மேல் என்றால் வாளி கனக்கும், உன் மாமாவுக்கு முட்டி வலி உண்டு என்று சொன்னாயே, சின்ன வாளியாகப் பார்த்து எடு. கடைசிப் பந்தியில் விளம்பினவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். அந்தப் பந்திக்கு இலை போட நான் வருகிறேன். பிள்ளையின் கவுன் அளவையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா. வெள்ளைத் துணி என்னிடம் இருக்கிறது.